கடன் வாங்கிய காலுறை

ஒரு விஷயத்தை விட்டு இன்னொரு விஷயத்துக்குப் போக வேண்டுமானால், "அது நிற்க" என்று எழுதுவது நம் பழைய பத்திரிகைக்காரர்களின் வழக்கம். நிற்பது அவ்வளவு சுலபமான காரியம் என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள் போலும்! எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கிற மனிதரின் கால்களை அவர்கள் மாலை வேளையில் பார்த்திருந்தால் அந்தப் பிரயோகத்தைச் சற்று யோசித்தே கையாண்டிருப்பார்கள்.

அப்படிப்பட்ட கால்கள் சிலவற்றைச் சில மாதங்களுக்கு முன் சுங்குவார்சத்திரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் பார்த்தேன். கூடவே வேறொரு ஜோடிக் கால்களையும் பார்க்க நேர்ந்தது. இரண்டுக்கும் வலி, இரண்டுக்கும் அந்த வீட்டில் ஒரே வைத்தியம் செய்திருந்தார்கள். அதில் ஒரு கால் தேறிற்று. மற்றொன்று போய்விடத் தெரிந்தது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

சென்னையிலிருந்து பெங்களூர்ச் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் போனால் ஸ்ரீபெரும்புதூர். ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம் என்றுதான் நம் பாட்டிமார்களுக்கு அந்த ஊரைத் தெரியும். 1996-ல் பக்கத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் போட்டார்கள். 1998-ல் அங்கிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஏரியும் நெல் வயலுமாக இருந்த பூமியில் இன்று கார், லாரி, மோட்டார் சைக்கிள், செல்போன் எல்லாம் விளைகின்றன. வேலை தேடி எந்தெந்த ஜில்லாவிலிருந்தோ யுவதிகளும் வாலிபர்களும் வந்து குவிகிறார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் நிறுவனம் கட்டித் திறந்த விடுதி ஒன்றில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம் என்றால், மற்றதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நான் போயிருந்த வீட்டின் மாடியிலும் நாலு பெண்கள் வாடகைக்குக் குடியிருந்தார்கள். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண், "ஆயா, ஒரு சொம்புத் தண்ணி கொடு" என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, திண்ணையிலேயே மல்லாந்து படுத்துக் கால்கள் இரண்டையும் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டாள். முழங்கால் வரையில் இறுக்கமான காலுறை. வைத்தியனுடைய கண் சும்மா இருக்குமா? விசாரித்தேன்.

திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண். வயது இருபத்துநாலு. வேலை முழுவதும் நின்றுகொண்டுதான். இரண்டு வருஷமாகச் சாயங்காலமானால் கால் கனத்துப் போகும், கணுக்கால் வீங்கும், கெண்டைக்காலில் பச்சை நிறத்தில் நரம்பு சுருட்டிக்கொண்டு புடைக்கும். அவளுடைய தாயாருக்கும் அப்படியே உண்டாம். ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்ஸரி டாக்டர் பரிசோதித்து, அந்தக் காலுறையை அணியச் சொல்லியிருந்தார். இப்போது எவ்வளவோ தேவலை என்றாள்.

வீட்டுக்கார அம்மாள் அதுவரையில் பொறுத்திருந்ததே பெரிது.

"அந்த உறை போட்டதிலிருந்து இவளுக்குக் கால் வீங்கறதே இல்லை, டாக்டர் ஐயா. நம்ம பெரியவரும் கால் வலி, கால் வலின்னு ராத்திரியெல்லாம் புலம்பறார். இவகிட்ட இன்னொரு ஜோடி இருந்தது. 'கொடு கண்ணு'ன்னு வாங்கி நேத்து ராத்திரி அவருக்கு மாட்டிவிட்டேன். நடுச்சாமத்திலே கூரை பறக்கற மாதிரி கத்தி அதைக் கழற்றி எறிஞ்சுட்டார். வயசுதான் ஆச்சே தவிர, பொறுமை என்கிறது துளிக்கூடக் கிடையாது!"

உள்ளே போய்ப் பெரியவரின் காலைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்றிருந்தது. தோல் பளபளத்து, ரோமம் உதிர்ந்து, பெருவிரல் நுனியில் மிளகு அளவுக்குக் கருத்திருந்தது. பாதத்தின் மேல்புறத்தில் நாடி அகப்படவில்லை.

"அம்மா, சமீப காலத்தில் உங்கள் வீட்டுப் பெரியவர் செய்த புத்திசாலித்தனமான காரியம் அந்தக் காலுறையைக் கழற்றி எறிந்ததுதான்" என்றேன். அந்த அம்மாள் என்னை நம்பியதாகத் தெரியவில்லை.

வரத்தும் வடிகாலும்

அந்த அம்மாளுக்கு நான் சொன்ன விளக்கத்தையே இங்கும் சொல்லுகிறேன். ஏரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவர் ஆகையால் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

ஒரு வயல் கெடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் பயிர் காயும். வந்த தண்ணீர் வடியாவிட்டால் பயிர் அழுகும். இரண்டிலும் நஷ்டம் ஒன்றுதான். ஆனால் பரிகாரம் வேறு. காய்கிற வயலுக்கு வடிகால் வெட்டுகிறவனை ஊரார் என்னவென்று சொல்லுவார்கள்?

தேகத்திலும் இவ்விதமே இரண்டு வகைக் குழாய்கள் இருக்கின்றன. இருதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவருபவை தமனிகள். இவை வரத்துக் கால்வாய். வேலை முடிந்த ரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவை சிரைகள், இவை வடிகால். ரத்தம் இவ்வாறு சுற்றிச் சுற்றி வருகிறது என்பதை 1628-ல் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில வைத்தியர் நிரூபித்தார். அதற்கு முன், 1603-ல், அவருடைய ஆசிரியர்களில் ஒருவரான பப்ரீஷியஸ் என்பவர் சிரைகளுக்குள் சின்னச் சின்னக் கதவுகள் இருப்பதை வர்ணித்து எழுதியிருந்தார். அவை எதற்காக இருக்கின்றன என்பதை ஹார்வி கண்டுகொண்டார். கையில் ஒரு துணியைக் கட்டி, புடைத்த சிரையை விரலால் தடவிக் காட்டி, ரத்தம் இருதயத்தை நோக்கி ஒரே திசையில்தான் போகும், கதவுகள் அதைத் திரும்ப விடமாட்டா என்று எடுத்துக்காட்டினார்.

பம்ப் செட் வைத்திருக்கும் விவசாயிக்கு இந்தக் கதவைப் பற்றி விளக்கமே வேண்டாம். கிணற்றுக் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு என்ன செய்கிறதோ அதையே இதுவும் செய்கிறது. ஏறின தண்ணீர் மறுபடி கிணற்றுக்குள் விழாமல் தடுக்கிறது.

சரி, வால்வு இருக்கிறது, பம்பு எங்கே? இருதயம் ரத்தத்தைக் கீழே அனுப்பிவிடுகிறது. பாதத்திலிருந்து மார்பு வரை அதை மேலே ஏற்றுகிற வேலையைப் பெரும்பாலும் கெண்டைக்கால் சதை செய்கிறது. நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் அந்தச் சதை சுருங்கி, தனக்குள்ளிருக்கும் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அதனால்தான் அதை இரண்டாவது இருதயம் என்று சொல்லுவார்கள். அசையாமல் நின்றால் இந்தப் பம்பு ஓடுவதில்லை. அப்போது பாதத்துச் சிரைகளில் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு ஏறுகிறது. நடக்க ஆரம்பித்தால் சுமார் 30 அளவுக்கு இறங்கிவிடுகிறது. நாள் முழுவதும் நடக்கிற தபால்காரரைக் காட்டிலும் ஒரே இடத்தில் நிற்கிறவருக்கே கால் அதிகமாகக் கனப்பதன் ரகசியம் இதுதான். "கால் கடுக்க நின்றேன்" என்று நம்மவர்கள் சொல்லுவதில் சரீர சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அது நரம்பு அல்ல

வருஷக்கணக்கில் இந்த அழுத்தத்தைத் தாங்கித் தாங்கிச் சிரையின் சுவர் விரிந்து கொடுக்கிறது. சுவர் விரிந்தால் கதவுகளின் இரண்டு இலைகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. மேலே போன ரத்தம் கீழே வழிகிறது, கீழேயுள்ள கதவின்மேல் இன்னும் பாரம் ஏறுகிறது, அதுவும் பழுதாகிறது. தோலுக்கு அடியில் நீலமாகவும் பச்சையாகவும் புடைத்து நெளிகிற 'வெரிகோஸ் வெயின்' இவ்வாறு உண்டாவதுதான். வம்ச வழி, கர்ப்பம், வயது, ஸ்தூல சரீரம், நின்று செய்யும் வேலை ஆகியவை இதற்குக் காரணமாகவோ துணையாகவோ இருக்கின்றன. கர்ப்ப காலத்தில் புடைத்தவை பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் ஓரளவு தணிந்துவிடும்.

நம் ஜனங்கள் இதை 'நரம்பு சுருட்டல்' என்கிறார்கள். பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாமென்றால், இந்தப் பெயர் பணத்தையும் காலத்தையும் விழுங்குகிறது. நரம்பு என்று சொன்னதனால் மருந்துக் கடையில் நரம்புக்குச் சத்து மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் உண்டு. எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிட்டால் முடிச்சு அவிழும் என்று நம்புகிறவர்களும் உண்டு. கதவு உடைந்த ரத்தக் குழாய்க்குச் சத்து மாத்திரை என்ன செய்யும்?

ஆரம்பத்தில் மாலை நேரத்துக் கனமும், கணுக்கால் வீக்கமும், இரவில் கெண்டைக்காலில் குரக்கை வலியும் தோன்றும். கவனியாமல் விட்டால் கணுக்காலுக்கு மேலே தோல் அரித்துக் கறுக்கும். பிறகு உட்புறக் கணுக்காலருகில் புண் உண்டாகி வருஷக்கணக்கில் ஆறாமல் நீர் வடியும். புண்ணுக்கு மேல் புண்ணாகக் களிம்பு தடவிப் பயனில்லை. உள்ளேயிருக்கும் அழுத்தம் குறைந்தால்தான் புண் ஆறும்.

இதற்குச் சிகிச்சை என்ன? முதலாவது, அடிக்கடி நடை. நிற்கும் இடத்திலேயே குதிகாலை உயர்த்தி உயர்த்தித் தாழ்த்துவதும் நடைக்குச் சமானமே. இரண்டாவது, ஓய்வு நேரத்தில் இருதயத்தின் மட்டத்துக்கு மேலே காலைத் தூக்கி வைப்பது. திண்ணையில் அந்தப் பெண் செய்தது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். வைத்தியப்படி அது முற்றிலும் சரி. மூன்றாவது, டாக்டர் அளவெடுத்துக் கொடுக்கும் அழுத்தக் காலுறை. கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தும்படி அது பின்னப்பட்டிருக்கும். காலையில் வீக்கம் காணுமுன் அணிந்து, இரவில் படுக்கும்போது கழற்றிவிட வேண்டும்.

இவ்வளவிலும் தீராவிட்டால், டூப்ளெக்ஸ் ஸ்கான் என்ற ஒலி அலைப் பரிசோதனையில் எந்தக் கதவு பழுது என்பதைக் கண்டுபிடித்து, அந்தச் சிரையை மூடிவிடுகிறார்கள். முன்பெல்லாம் மயக்க மருந்து கொடுத்து, கீறி, சிரையை உருவி எடுப்பார்கள். இப்போது மெல்லிய குழாய் ஒன்றைச் சிரைக்குள் செலுத்தி, லேசர் அல்லது ரேடியோ அலையின் உஷ்ணத்தால் அதைப் பொசுக்கி மூடுகிறார்கள். அநேகமாக அன்றைக்கே வீட்டுக்கு நடந்து போகலாம். சிறிய சிரைகளை ஊசி மருந்து போட்டுச் சுருங்கச் செய்வதும் உண்டு. "ரத்தக் குழாயை மூடிவிட்டால் கால் என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்பவர்கள் பயப்பட வேண்டாம். காலின் ரத்தத்தில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு தசைக்குள்ளிருக்கும் ஆழமான சிரைகள் வழியாகத்தான் திரும்புகிறது.

புடைத்த சிரை அடிபட்டு ரத்தம் பீறிட்டால் கைகால் பதற வேண்டாம். உடனே படுக்கவைத்து, காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் பத்து நிமிஷம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். பிறகு டாக்டரிடம் போகலாம். மேலே கயிறு போட்டுக் கட்டுவது கூடாது.

உறைந்த ரத்தம்

ஆழமான சிரைகளைப் பற்றிச் சொன்னேன். அவற்றில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது ஒன்றுதான் சிரை நோய்களில் உடனே உயிருக்கு ஆபத்தானது. பெரிய ரண சிகிச்சை, எலும்பு முறிவு, பிரசவம், பல நாள் படுக்கை, மிக நீண்ட பிரயாணம், புற்றுநோய், ஈஸ்ட்ரோஜன் கலந்த கர்ப்பத்தடை மாத்திரை ஆகிய இவையெல்லாம் அதற்கு இடம் கொடுக்கக்கூடியவை.

அடையாளத்தை எல்லாரும் மனப்பாடம் செய்துகொள்ளலாம். இரண்டு காலும் மாலையில் சிறிது வீங்கிக் காலையில் வடிந்தால் அவகாசம் இருக்கிறது. ஒரே கால் மட்டும், சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வீங்கி, கெண்டைக்கால் சூடேறி வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்தக் காலை ஒருவரும் பிடித்துவிடக் கூடாது. உறைந்த ரத்தத்தின் ஒரு துண்டு பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். திடீரென்று மூச்சுத் திணறலும் மார்பு வலியும் கண்டால் அதுதான் நடந்திருக்கிறது என்று சந்தேகித்து, தாமதமின்றி 108-ஐ அழைக்க வேண்டும். வேளையில் போனவர்களுக்கு ஊசியும் மாத்திரையுமாக, ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் மருந்தைச் சாதாரணமாக மூன்று மாதமாவது கொடுத்துக் காப்பாற்றிவிடுகிறார்கள்.

பெரியவரின் கால்

இனிப் பெரியவரிடம் வருவோம். அவருக்கு அறுபத்தாறு வயது. சர்க்கரை வியாதி பன்னிரண்டு வருஷமாக உண்டு. பீடி அதற்கும் வெகு காலத்துக்கு முன்பிருந்தே. இரண்டு வருஷத்துக்கு முன்னால் டீக்கடைக்குப் போகும் வழியில் கெண்டைக்காலை யாரோ பிடித்துப் பிசைவதுபோல் வலிக்க ஆரம்பித்தது. இரண்டு நிமிஷம் நின்றால் போய்விடும். நடந்தால் மறுபடி வரும். வயதுக் கோளாறு என்று இருந்துவிட்டார். பிறகு இரவில் படுத்தாலே பாதம் எரிந்தது. கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டால்தான் சற்று நிம்மதி.

நேயர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். நின்றால் வலி, நடந்தால் நிவர்த்தி, உயர்த்தினால் சுகம் என்றால் சிரை. நடந்தால் வலி, நின்றால் நிவர்த்தி, தொங்கவிட்டால் சுகம் என்றால் தமனி. சிரைக் கால் வீங்கி, கதகதப்பாக, கணுக்காலில் கறுத்திருக்கும். தமனிக் கால் வற்றி, குளிர்ந்து, ரோமம் உதிர்ந்திருக்கும். சிரைப் புண் பெரும்பாலும் உட்புறக் கணுக்காலுக்கு மேலே; தமனிப் புண் பெரும்பாலும் விரல் நுனியிலும் குதிகாலிலும்.

பெரியவருக்கு வரத்துக் கால்வாய் தூர்ந்துபோயிருந்தது. புகையிலை, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ரத்தத்தில் மிகுந்த கொழுப்பு ஆகிய நான்கும் சேர்ந்து தமனியின் உட்சுவரில் காரை பிடிக்கச் செய்கின்றன. சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருக்கும் அந்த ரத்தத்தையும் இறுக்கமான காலுறை அமுக்கி நிறுத்திவிடும். அப்படிப்பட்ட கால் அழுகிப்போகக்கூடும். சர்க்கரை வியாதியால் உணர்ச்சி மரத்துப்போன காலாயிருந்தால் வலிகூடத் தெரியாது. கத்தத் தெரிந்ததனால் பெரியவரின் கால் பிழைத்தது.

இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு சுலபமான பரிசோதனை உண்டு. கையில் ரத்த அழுத்தம் பார்ப்பதுபோலக் கணுக்காலிலும் பார்த்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுக்கிறார்கள். ஆரோக்கியமான காலில் விடை ஏறக்குறைய 1 அல்லது அதற்குச் சற்று மேல். 0.9-க்குக் கீழே போனால் தமனியில் அடைப்பு உண்டு. பெரியவருக்குக் கையில் 150, கணுக்காலில் 75, ஆகவே 0.5. நாள்பட்ட சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு மட்டும் தமனிச் சுவர் விறைத்து இந்தக் கணக்குப் பொய் சொல்லலாம். அவர்களுக்கு வேறு பரிசோதனைகளும் தேவை. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களும், புகை பிடிப்பவர்களும், சர்க்கரை வியாதி உள்ளவர்களும் இதைப் பார்க்காமல் அழுத்தக் காலுறையைத் தொடக்கூடாது.

சிகிச்சைகளில் முதன்மையானதற்குக் காசு செலவில்லை. பீடியை அணைப்பதுதான் அது. 1908-ல் லியோ பர்ஜர் என்ற டாக்டர் விவரித்த ஒரு தமனி நோய் உண்டு. நம் நாட்டில் பீடி பிடிக்கும் வாலிபர்களிடம் அது அதிகமாகக் காண்கிறது. முப்பது, முப்பத்தைந்து வயதிலேயே விரல்கள் கருகும். அவர்களுக்குப் புகையிலையை அடியோடு விடுவதைப் போன்ற சிகிச்சை வேறொன்றும் கிடையாது. "ஒன்றே ஒன்று" என்கிற பேச்சுக்கும் இடமில்லை.

அடுத்தபடி, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, ரத்தத் தட்டுகள் ஒட்டாமலிருக்க ஆஸ்பிரின் போன்ற மருந்து, சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் கட்டுப்படுத்துவது. புண் இல்லாதவர்களுக்கு நடைப் பயிற்சியும் மருந்தே. வலி வரும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடப்பது; வாரத்துக்கு மூன்று முறையாவது, ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம். மூன்று மாதத்தில் நடக்கும் தூரம் கூடிவிடும். அதற்கும் மிஞ்சினால் பலூனால் தமனியை விரித்தோ, மாற்று வழி அமைத்தோ ரத்தத்தைக் கொண்டுசெல்லுகிறார்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ரத்தக் குழாய் ரண சிகிச்சைக்கென்றே தனி இலாகா இருக்கிறது. பெரியவரை அங்கேதான் அனுப்பினேன்.

ஓர் எச்சரிக்கை. கால் திடீரென்று வெளுத்து, ஜில்லிட்டு, மரத்து, அசைக்க முடியாமல் போனால் அது தமனி ஒரேயடியாக அடைபட்டதன் அடையாளம். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்பாவிட்டால் காலைக் காப்பாற்றுவது கஷ்டம். விடியட்டும் என்று அதற்குக் காத்திருக்கலாகாது.

முக்காலியும் மருந்தே

அது நிற்க – இல்லை, அது உட்காரட்டும்! அந்தப் பெண்ணின் விஷயத்தில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அவளுக்குக் காலுறை கொடுத்தாயிற்று. நாளைக்கு அவள் மறுபடி எட்டு மணி நேரம் நிற்கப்போகிறாளே, அதற்கு என்ன செய்வது?

சுதந்தரம் வந்த மறு வருஷமே நம் தேசம் இதை யோசித்திருக்கிறது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-வது பிரிவு, நின்று வேலை செய்கிறவர்கள் வேலைக்கிடையே கிடைக்கும் ஓய்வில் உட்காருவதற்குத் தக்க வசதி இருக்க வேண்டும் என்று விதித்தது. அதன் இடத்தில் வந்த 2020-ஆம் வருஷத்துச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. கடைச் சிப்பந்திகளுக்கோ வெகு காலம் அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. கேரளத்தில் கோழிக்கோட்டு ஜவுளிக் கடைப் பெண்கள் பல வருஷம் போராடினார்கள். 2018-ல் அந்த ராஜ்யம் கடைச் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையை அளித்தது. 2021-ல் தமிழ்நாடும் தன்னுடைய 1947-ஆம் வருஷத்துக் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ஒவ்வொரு கடையிலும் சிப்பந்திகளுக்கு ஆசனம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

சட்டம் ஆசனத்தைப் போடலாம். அதில் உட்காருகிறவரை முறைத்துப் பார்க்காதே என்று எஜமானரின் கண்ணுக்குச் சட்டம் போட முடியாது. இதைப் படிக்கும் நேயர்களில் கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். தொழிற்சாலையில் மேற்பார்வை உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இருக்கிறீர்கள். உட்கார்ந்தும் நின்றும் மாற்றி மாற்றி வேலை செய்ய இடம் கொடுப்பது, ஒரு மணிக்கு ஒரு தரம் இரண்டு நிமிஷம் நடக்கவிடுவது, ஒரு காலை மாற்றி வைத்துக்கொள்ளச் சிறு மணை போடுவது ஆகிய இவற்றால் உற்பத்தி குறைந்துவிடாது. நம் சமையலறைகளிலும் காலை ஐந்து மணியிலிருந்து ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். அங்கே ஒரு முக்காலி இருக்கிறதா என்று எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நம் தேசத்தில் செய்த கார் கடல் கடந்து போகிறது என்று கேட்டால் எல்லாருக்கும் உச்சி குளிர்கிறது, எனக்கும்தான். அந்தக் கார் நாலு சக்கரத்தில் ஓடுகிறது. ஆனால் அதைச் செய்யும் தொழில் இந்தப் பெண்களைப் போன்றவர்களின் இரண்டு கால்களில் நிற்கிறது.

போன வாரம் மறுபடியும் சுங்குவார்சத்திரம் போனேன். பெரியவருக்குத் தமனியில் பலூன் வைத்து விரித்திருக்கிறார்கள். கருத்த விரல் நுனி ஆறிவிட்டது. பீடியைத் தொட்டு நாலு மாதமாகிறதாம். டீக்கடை வரையில் ஒரே ஒரு தடவை நின்று போய்வருகிறார். அந்தப் பெண்ணுக்கு அவளுடைய பகுதி மேஸ்திரி உயரமான ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார். நாளைக்கு ஐந்தாறு தரம் அதில் உட்காருகிறாளாம்.

வீட்டுக்கார அம்மாள் மட்டும் என்னிடம் இன்னமும் கொஞ்சம் மனத்தாங்கலாகத்தான் இருக்கிறார். புறப்படும்போது, "எது எப்படியானாலும், டாக்டர் ஐயா, அந்த உறை நல்ல உறைதான்" என்றார்.

நல்ல உறைதான், சந்தேகமில்லை. எந்தக் காலுக்கு என்று கேட்டுவிட்டு மாட்ட வேண்டும், அவ்வளவுதான்.